சேமக்காலைக்கு ஒரு புல்லு மெஷின்

ஓகஸ்ட் 24, ஞாயிறு

காலைப் பூசை முடிந்ததும் பங்குச்சபைக் கூட்டம். நான் போனது வேறொரு காரியத்துக்கு. கோவில் சேமக்காலையில், என் மனைவி யசிந்தாவைப் புதைத்த குழியைச் சுற்றி நாலு சீமெந்துக் கல் வைக்க அனுமதி கேட்கவேண்டும். கேட்க வேண்டிய வசனத்தை வீட்டிலேயே பல விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனேன். ஒரு நிமிடத்து வேலை.

கேட்கவில்லை.

அதற்கு முன் எமில்ராஜ் எழும்பிவிட்டான். அவன்தான் இப்போது சபையின் செயலாளர். பாரிஸில் இருக்கும் எங்கள் ஊரவர்கள் சேமக்காலைக்கென்று ஒரு புல்லு வெட்டும் மெஷின் வாங்கக் காசு அனுப்பியிருக்கிறார்களாம். முன்பெல்லாம் ஒக்டோபர் கடைசியில், இறந்தோர் திருநாளுக்கு முன், ஒவ்வொரு குடும்பமும் மண்வெட்டியும் உழவாரமும் எடுத்துக்கொண்டு வந்து தங்கள் தங்கள் ஆட்களின் இடத்தைத் துப்புரவாக்கும். கடற்கரை மணல் கொண்டுவந்து பரப்பும். இப்போது பாதிக் குடும்பங்களுக்கு இங்கே ஆளில்லை. சேமக்காலை பற்றையாகக் கிடக்கிறது. ஆகவே மெஷின்.

"ஆர் பாத்து எடுக்கிறது?" என்று பாதர் கேட்டார். அவர் இந்தப் பங்குக்குப் புதிது.

"சந்தியோகு ஐயாவை விட ஆர் பாதர்? ஆசுப்பத்திரியிலை முப்பது வருசம் மருந்து நிறுத்துக் குடுத்தவர். ஒரு சொட்டுக் கூடிக் குறையாது" என்று என்னைக் காட்டினான் எமில்ராஜ்.

"அவர் பாத்து எடுக்கிறதுக்குள்ளை புல்லு தானாய்ச் செத்திடும்" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் ஏன் சிரித்தேன்?

கூட்ட முடிவில் இன்னொன்றும் சொன்னார்கள். முன்பக்கம் நிரம்பிவிட்டது. வருகிற ஜனவரி தொடக்கம் பின்பக்கத்திலுள்ள, கல்லறை கட்டாத குழிகளைத் திரும்ப வெட்டி மற்றவர்களை அடக்கம் செய்வார்கள். "அடையாளம் இருக்கிற ஒண்டையும் தொடமாட்டம். அடையாளம் இல்லாட்டி நாங்கள் என்ன செய்யிறது?" என்றான் எமில்ராஜ். நியாயமான பேச்சு. அவன் எப்போதும் நியாயமாகத்தான் பேசுவான்.

யசிந்தா பின்பக்கத்தில் இருக்கிறாள். அவளுக்குள்ள அடையாளம்: ஒரு மரச்சிலுவை, அதையும் போன மாரியில் கறையான் தின்றுவிட்டது, மிஞ்சிய துண்டு சாய்ந்து நிற்கிறது. ஒரு வெள்ளைப் பட்டிப்பூப் பற்றை. சுற்றிவர அவளுடைய காலஞ்சென்ற தம்பி பதித்த சங்குகள். நான்கு வருடத்தில் நான் செய்தது, பட்டிப்பூவுக்குத் தண்ணீர் ஊற்றியது.

ஓகஸ்ட் 25

எனக்குப் புல்லு மெஷினைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஓகஸ்ட் 31, ஞாயிறு

மகன் ஜெரிசன் சுவிஸிலிருந்து வட்ஸ்அப்பில் வந்தான். மெஷின் கதையைச் சொன்னேன்.

"உங்களுக்கு உந்த வேலை தேவையோ அப்பா? இங்கை எங்கடை வளவிலை ஒண்டு நிக்குது. பற்றறி. சத்தமே இல்லை."

"பற்றறி இங்கத்தைப் புல்லுக்குத் தாங்காது தம்பி. கோரையும் நாயுருவியும் இடுப்பு மட்டத்துக்கு நிக்குது."

"அப்ப என்னத்துக்கு ஓமெண்டனீங்கள்?"

பேச்சை மாற்றினேன். அம்மாவின் கல்லறையைப் பற்றிக் கேட்டேன். சுற்றிவர நாலு கல்லாவது வைக்கட்டுமா என்றேன்.

"அப்பா, ஒண்டும் செய்யாதேங்கோ. நான் வந்து கட்டுறன். சும்மா சீமெந்தைப் பூசி அலங்கோலப்படுத்திப் போடாதேங்கோ."

தாய்க்குப் பிள்ளை கட்டுவதுதான் எங்கள் முறை. அதைச் சொல்லித்தான் நான்கு வருடமாக என்னை நானே சமாளிக்கிறேன். உண்மை வேறு. அவன் கோபிப்பான் என்று பயம். எழுபத்தாறு வயதாகியும் பெற்ற பிள்ளைக்குப் பயம்.

செப்டெம்பர் 4

சண்டிலிப்பாய்க்குப் போனேன். சோமசேகரம் என்னோடு ஒரே மருந்தறையில் வேலை செய்தவன். இப்போது வாழைத்தோட்டம் வைத்திருக்கிறான், புல்லு மெஷினும் வைத்திருக்கிறான்.

"சேமக்காலைக்கோ? செத்த சனத்துக்குத் தலைமயிர் வெட்டப் போறியோ, சந்தியோகு?"

அவனுக்கு இது பகிடி. மெஷினை எடுத்து வந்தான். மலிந்த விலையில் எடுத்ததாம். கயிற்றை இழுத்தான், இழுத்தான், இழுத்தான். பிடித்தது. இரண்டு பாத்தி வெட்டியதும் சூடேறி நின்றுவிட்டது.

"இனி ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தாத்தான் உவர் எழும்புவார்" என்றான். "எனக்கும் நல்லதுதான். அவரோடை சேர்ந்து நானும் இருப்பன்."

தேத்தண்ணீர் குடித்தோம். அவன் சாரத்தை உயர்த்திக் கெண்டைக்காலில் ஒரு தழும்பைக் காட்டினான். இரும்புத் தகடு பூட்டி வெட்டியபோது கல் தெறித்ததாம். நான் இரண்டையும் எழுதிக்கொண்டேன். நின்று நின்று வேலை செய்யும் மெஷின் வேண்டாம். இரும்புத் தகடும் வேண்டாம். கல்லறையில் பட்டால் மூலை உடையும், பிறகு ஊர் முழுவதும் என்னைத்தான் கேட்கும்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். சோமசேகரம் ஒரு சாமானை எடுக்குமுன் யோசிக்கவே மாட்டான். பிழையானதை எடுப்பான், அதோடு சந்தோசமாக இருப்பான்.

செப்டெம்பர் 13

மானிப்பாயில் ஒரு கடை. இங்கே உதிரிப்பாகமும் உண்டு, திருத்த ஆளும் உண்டு. முதலில் போனபோது விலைச்சிட்டையும் கைநூலும் வாங்கி வந்து வீட்டில் வாசித்தேன். இன்று திரும்பவும் போனேன். கடைக்காரர் என்னைக் கண்டதும் சிரித்தார்.

"ஐயா, பொம்பிளை பாக்கப் போற ஆக்களும் இவ்வளவு கேக்கமாட்டினம்."

கேட்டேன். எத்தனை நேரம் நிற்காமல் ஓடும், சூடேறினால் என்ன நடக்கும், பெற்றோல் தாங்கி எவ்வளவு கொள்ளும், பிளக் இங்கே கிடைக்குமா, தோள்வார் இரண்டு தோளுக்குமா ஒரு தோளுக்கா. மெஷினை இயக்கிப் பார்க்கவேண்டும் என்றேன். கடைக்குப் பின்னால் கொண்டுபோய் இயக்கிக் காட்டினார். இரண்டாவது இழுவையில் பிடித்தது. நிறுத்தி, சூட்டோடு திரும்ப இழுக்கச் சொன்னேன். ஒரே இழுவை.

ஜப்பான் எஞ்சின். பெற்றோலோடு ஒயில் கலந்து ஊற்றவேண்டும். அது எங்கள் ஆட்களுக்குப் புதிதல்ல. கடல் எஞ்சினுக்குக் கலந்து பழகிய கை. வெட்டுவது தகடல்ல, நைலோன் நூல். சுழலும் தலையைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினால் தேய்ந்த நூல் தானாக நீளும். கல்லில் பட்டால் நூல்தான் தேயும். கல்லுக்கு ஒன்றும் ஆகாது.

இரும்புத் தகடு ஒன்றைச் சும்மா தருகிறேன் என்றார் கடைக்காரர். வாங்கவில்லை. இருந்தால் யாராவது பூட்டுவார்கள்.

இதுதான். நான் சரியாகப் பார்த்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். இன்னும் ஒரு கிழமை யோசிக்கலாம்.

செப்டெம்பர் 21, ஞாயிறு

கூட்டம். மெஷினைப் பற்றி நான் எழுதிக்கொண்டு போனதை வாசித்தேன். பாதருக்கு நல்ல திருப்தி. வாங்கச் சொல்லிவிட்டார்கள்.

பிறகு எமில்ராஜ் வெட்டும் ஒழுங்கைச் சொன்னான். முன்பக்கம் ஒரு நாள், பின்பக்கம் அடுத்த நாள், குடும்பம் குடும்பமாக இல்லை, மொத்தமாக. இளைஞர் ஒன்றியம் கூட்டி அள்ளும். "ஒருத்தருக்கு ஒரு சட்டம், மற்றவருக்கு ஒரு சட்டம் இல்லை."

இதுதான் சமயம். பின்பக்கத்தில் பற்றையும் பூவும்தான் பலருக்கு அடையாளம், வெட்டுமுன் அவரவர் வந்து காட்டட்டும் என்று சொல்லியிருக்கவேண்டும். கையை உயர்த்தினேன்.

"சொல்லுங்கோ ஐயா."

"பெற்றோலை ஆர் வாங்கி வைக்கிறது?" என்று கேட்டேன்.

பெற்றோல்! அதைக் கேட்கவா கையை உயர்த்தினனான்? நான் சொன்னால், கிழவன் தன் மனைவிக்காகக் கதைக்கிறான் என்பார்கள். அதுவும் உண்மைதானே. உண்மையென்றால் சொல்லக்கூடாதா?

செப்டெம்பர் 27

மெஷின் வந்துவிட்டது. வெட்டப்போவது கனிசியஸ். கடல் இல்லாத நாட்களில் சேமக்காலையில் குழி வெட்டுபவன். பழைய குழிவெட்டி இன்னாசித்தம்பி இருந்தவரை யார் எங்கே என்று அவனுக்குத் தெரியும். ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான். கனிசியஸ் புது ஆள், நல்ல வேலைகாரன், கேள்வி கேட்காதவன்.

நூலைப் பார்த்துவிட்டு, "இது எங்கடை தங்கூசிதானே ஐயா? என்னட்டைச் சுருள் சுருளாய்க் கிடக்கு. ஏன் காசு குடுத்து வாங்குவான்?" என்றான். மீன் தூண்டில் நூல். சுற்றிப் பார்த்தான். நாலு பிடி புல்லு வெட்டுமுன் உருகித் தலைக்குள் ஒட்டிவிட்டது. உரித்தெடுக்கப் பெரும்பாடு. பிறகு மெஷினோடு வந்த நூலைப் பூட்டினான். பூட்டியதும் கோரை சாய்ந்த வேகத்தைப் பார்க்கவேண்டும்.

"குதிரை ஐயா, குதிரை!"

எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. மறைக்கமாட்டேன், இது என் நாட்குறிப்புக் கொப்பிதானே.

ஒக்டோபர் 5, ஞாயிறு

பூசை முடிந்து முன்பக்கத்தில் ஒரு மூலையை வெட்டிக் காட்டினார்கள். சலவைக்கல் ஓரம்வரை, இடுக்குக்குள்ளும், ஒட்ட வெட்டுகிறது. ஒரு கல்லிலும் கீறல் இல்லை. ஆட்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். யசிந்தாவின் செத்தவீட்டுக்குக்கூட இவ்வளவு பேர் என் கையைப் பிடிக்கவில்லை. அது கொரோனாக் காலம்.

ஒக்டோபர் 12

மெஷினுக்கு மேல் ஒட்டுவதற்குப் பாவனைக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். ஒயில் அளவு. கண்ணாடி போடவேண்டும். கல்லறை ஓரங்களில் நூலால் மட்டும் வெட்டவேண்டும். கல்லுக்குச் சேதம் வரக்கூடாது. மருந்துப் போத்தலில் எழுதுவதுபோல் தெளிவாக எழுதினேன்.

ஒக்டோபர் 18

ஜெரிசன் ரிக்கற் போட்டுவிட்டான்! டிசெம்பரில் வருகிறான். கறுப்புக் கல், தாயின் படம் பதித்து, யாழ்ப்பாணத்திலேயே செய்ய ஓடர் கொடுத்துவிட்டானாம். "இடத்தை மட்டும் நீங்கள் காட்டினால் காணும் அப்பா, மிச்சம் என்ரை வேலை."

நான்கு வருடத்தில் முதல் தடவையாக அவனுடைய குரலில் அவசரம் இல்லை. அம்மாவைப் பற்றிக் கதைத்தான். பாரை மீனுக்கு அவள் புளி விடும் விதத்தைப் பற்றிக்கூடக் கதைத்தான்.

இனி டிசெம்பர்வரை அந்த இடத்துக்கு ஒன்றும் நடக்கக்கூடாது. அவ்வளவுதான்.

ஒக்டோபர் 20

முடிவெடுத்துவிட்டேன். முன்பக்கம் வெள்ளி, பின்பக்கம் சனி. வெள்ளி பின்னேரம், எல்லாரும் போனபின், யசிந்தாவின் நாலு மூலையிலும் நாலு கதியால் தடி நட்டுக் கயிறு கட்டிவிடுவேன். பூவரசங் கதியால் வெட்டி வீட்டில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை விடியக் கனிசியஸிடம் மெதுவாக, இதை விட்டு வெட்டு தம்பி என்பேன்.

இன்றைக்கே நடலாம். நட்டால் எமில்ராஜ் காண்பான். சட்டம் கதைப்பான். சந்தியோகு தன்ரை ஆளுக்கு மட்டும் வேலி போடுறார் என்று பூசையில் கண்ணால் கதைப்பார்கள். வெள்ளிக்கிழமைதான் சரி.

ஒக்டோபர் 23, வியாழன்

இன்று பிரசர் கிளினிக். காலையில் போனவன், வரிசையில் இருந்து, மருந்தெடுத்து வரப் பின்னேரம். பஸ்ஸால் இறங்கும்போதே கேட்டது. என்னுடைய மெஷின். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். விக்கல் இல்லாத ஒரே சத்தம்.

நான் கெதியாய் நடந்தேன். ஓட ஏலாது. வாசலுக்கு வரச் சத்தம் நின்றது.

பின்பக்கம் இல்லை. எப்படிச் சொல்வது? நிலம் இருக்கிறது. மதிலிலிருந்து மதில்வரை ஒரே மட்டமாய், புதிதாய்ச் சவரம் செய்த கன்னம்மாதிரி. இளைஞர்கள் கூட்டி அள்ளி ஒரு மூலையில் நெருப்பு வைத்திருந்தார்கள். புல்லு, பற்றை, உக்கின சிலுவைத் துண்டுகள், எல்லாம் ஒன்றாய் எரியுது.

கனிசியஸ் தோள்வாரைக் கழற்றிக்கொண்டு வந்தான். மூஞ்சி முழுவதும் புல்லுத்தூள், சிரிப்பு.

"ஐயா! முழுக்க முடிஞ்சுது. நாளைக்கு மழையாம், இண்டைக்கே துவங்கச் சொல்லி எமிலண்ணை சொன்னவர். ரெண்டு நாள் வேலை, ஒரு நாளிலை. ஒருக்காத் தன்னும் நிக்கேல்லை ஐயா இது!"

"பட்டிப்பூ..." என்றேன்.

"என்ன ஐயா?"

"சங்கு கிடந்ததே. சுத்திவர."

"ஓம் ஓம், கனக்கக் கிடந்தது. நூல் பட்டுத் தெறிச்சுக்கொண்டிருந்தது. பெடியள் நல்லதுகளைப் பொறுக்கி மாதா கெபிக்கு வைக்கக் கொண்டு போட்டினம். வடிவாய்த்தான் இருக்கும்."

எங்கே என்று கேட்க வந்தேன். அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான், நான் ஏதாவது சொல்லவேண்டும் என்று.

"நல்லாயிருக்கு தம்பி" என்றேன்.

நல்லாயிருக்கு எண்டு சொன்னனான். என்ரை வாயாலை.

சோமசேகரத்தின் மெஷினாக இருந்திருந்தால் முன்பக்கத்திலேயே சூடேறி நின்றிருக்கும். எல்லாரும் தேத்தண்ணீர் குடித்திருப்பார்கள். எனக்கு வெள்ளிக்கிழமை கிடைத்திருக்கும்.

ஒக்டோபர் 24

மழை. போகவில்லை. கதியால் நாலும் வீட்டுக் கோடிப்பக்கம் நனைந்துகொண்டு கிடக்கின்றன.

ஒக்டோபர் 25

காலையில் போனேன். வேம்பைப் பார்த்தேன், மதிலைப் பார்த்தேன். வேம்புக்கு இடப்பக்கம், மதிலுக்குக் கிட்ட. எவ்வளவு கிட்ட? நான்கு வருடம் கிழமைக்கொரு தரம் தண்ணீர் கொண்டு போனவனுக்குத் தெரியவில்லை. வெள்ளைப் பூவைப் பார்த்து நடப்பேன், பூ வந்ததும் நிற்பேன். அதுதான் எனக்குத் தெரிந்த வழி. மருந்தை ஒரு மணியளவும் பிசகாமல் நிறுத்தவன் இதை ஒருநாளும் அளந்து பார்க்கவில்லை. அவரவர் தங்கள் கையால் துப்புரவாக்கிய காலத்தில் அளக்கத் தேவையிருக்கவில்லை. கைக்குத் தெரியும், எது தன்னுடையது என்று.

மேடும் தெரியவில்லை. மண் எப்போதோ இறங்கிவிட்டது; மேடென்று நான் நினைத்தது பற்றையைத்தான்.

கோவில் மரணப் பதிவைக் கேட்டுப் பார்த்தேன். பெயர் இருக்கிறது, திகதி இருக்கிறது. இடம் என்று ஒரு பத்தியே அதில் இல்லை.

கல்லைப் பற்றி எவ்வளவு யோசித்தேன். கல்லுக்குக் கீறல் விழக்கூடாது, மூலை உடையக்கூடாது, நைலோன் நூல்தான் சரி. ஊரிலுள்ள எல்லாருடைய கல்லையும் காப்பாற்றினேன். என் மனைவிக்குக் கல் இல்லை.

ஒக்டோபர் 26, ஞாயிறு

மதலேனாள் வந்துவிட்டாள். கருவாடு விற்கிறவள், என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். அவளுடைய மகன் கடலில் போனவன். உடல் கிடைத்து, பின்பக்கத்தில் அடக்கம். கட்ட வசதியில்லை. வருடம் தவறாமல் மணல் கொண்டுவந்து பரப்புவாள். இன்றும் ஒரு வாளி மணலோடு வந்தாள். வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பிறகு கத்தத் தொடங்கினாள். எமில்ராஜை, பாதரை, பாரிஸ்காரரை. கடைசியில் என்னை.

"படிச்ச மனிசன்! ஆசுப்பத்திரியிலை இருந்தனீர்! ஒரு மெஷினை வாங்கிக் குடுத்து என்ரை பிள்ளையைத் துலைச்சுப் போட்டீரே!"

"மதலேனாள், எனக்கும்தான்..."

"உமக்கென்ன? உம்மடை மகன் சுவிஸிலை. வந்து மலைமாதிரிக் கட்டுவான்."

அவள் நடந்தாள். நான் பின்னால் நடந்தேன். வேம்புக்கு இடப்பக்கம், மதிலுக்குக் கிட்ட, ஓரிடத்தில் நின்றாள். குனிந்து மண்ணைத் தொட்டாள்.

"இதுதான்."

நேற்று முழுக்க யோசித்து, இதுதான் யசிந்தாவின் இடமென்று நானும் கிட்டத்தட்ட முடிவெடுத்திருந்தேன். கிட்டத்தட்ட.

"அது யசிந்தாவின்ரையெல்லோ" என்றேன்.

"என்ன கதை கதைக்கிறீர்? மதிலிலை உந்த வெடிப்புக்கு நேரை. பெத்தவளுக்குத் தெரியாதே?"

"வெடிப்பு எனக்கு நினைவில்லை. ஆனால் வேம்பின்ரை நிழல் பின்னேரத்திலை..."

"நிழலோ? நிழல் ஒவ்வொரு மாசமும் ஒவ்வொரு இடத்திலை விழும். விசர்க் கதை."

அது சரிதான். நிழல் இடம் மாறும். அவள் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. பிறகு, ஏன் அவள் சொன்னால் சரியாக இருக்கவேண்டும் என்றும் தோன்றியது. அவள் நிச்சயமாகப் பேசுகிறாள், நான் அப்படிப் பேசுவதில்லை, வேறென்ன வித்தியாசம்?

வாளியைக் கவிழ்த்து மணலைப் பரப்பினாள். உள்ளங்கையால் தடவித் தடவிச் சமப்படுத்தினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நவம்பர் 2, ஞாயிறு

இறந்தோர் திருநாள். பின்னேரம் சேமக்காலையில் பூசை. முன்பக்கமெல்லாம் பூவும் மெழுகுதிரியும். பாரிஸ்காரருக்குக் காட்ட எமில்ராஜ் வீடியோ எடுத்தான். "பாருங்கோ, ஒரு புல்லு இல்லை" என்று சொல்லிக்கொண்டே எடுத்தான். என்னையும் எடுத்தான்.

நான் மெழுகுதிரிப் பெட்டியோடு பின்பக்கம் போனேன். என்னைப்போல இன்னும் ஏழெட்டுப் பேர் அங்குமிங்கும் நின்றார்கள். சிலர் குனிந்து தேடினார்கள். சிலர் தேடாமல், நின்ற இடத்திலேயே ஏற்றினார்கள்.

மதலேனாளின் மணலுக்கு அருகில் நின்றேன். வேறெங்கே நிற்பது? அவள் நிமிர்ந்து பார்த்தாள். இந்த முறை கத்தவில்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ ஐயா. பிள்ளையை மிதிக்கிறியள்."

தள்ளி நின்றேன். பாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். என் முன்னால் வந்ததும் எங்கே தெளிப்பது என்று என்னைப் பார்த்தார். நான் பொதுவாகக் கையை அசைத்தேன். அவரும் பொதுவாகத் தெளித்துவிட்டுப் போனார்.

மெழுகுதிரியைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

சபையில் எனக்கு நன்றி சொன்னார்கள். கைதட்டல். வீடியோவைக் கண்ட பாரிஸ்காரர் கோவில் வளவுக்கும் ஒரு மெஷின் எடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம். அதையும் ஐயாவே பார்க்கட்டுமாம்.

எமில்ராஜ் பின்பக்கத்தைப் பற்றிச் சொன்னான். "உவ்வளவு இடம் கிடந்தது எங்களுக்கே தெரியாது. இன்னும் இருபது வருசத்துக்குக் காணும்."

அப்போது எழும்பினேன். உண்மையாக எழும்பினேன். "அங்கை ஆக்கள் இருக்கினம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஆர் இருக்கினம் எண்டு அடையாளம் காட்டினால் விடுவம் ஐயா. ஜனவரிக்கு முன்னம் கட்டினால் ஒருத்தரும் தொடமாட்டினம்" என்றான் எமில்ராஜ். மரியாதையாகத்தான் சொன்னான். நான் இருந்துவிட்டேன்.

ஜெரிசனுக்குச் சொல்லவேண்டும்.

நவம்பர் 16

ஜெரிசன் கல்லின் படத்தை அனுப்பினான். தாயின் முகம் நன்றாக வந்திருக்கிறது. சொல்லவில்லை.

நவம்பர் 27

மழை விடவில்லை. பின்பக்கம் முழுவதும் வெள்ளம். மதலேனாளின் மணலும் போய்விட்டது. வெள்ளம் வற்றியபின் அவள் திரும்பக் கொண்டுவந்து பரப்புவாள். போன தடவை பரப்பிய அதே இடத்திலா என்று அவளிடம் கேட்கவேண்டும் போலிருக்கிறது. கேட்கமாட்டேன்.

டிசெம்பர் 7

இன்று சொல்ல முடிவெடுத்து அழைத்தேன். அவன் என் பேரப்பிள்ளையைத் தூக்கிக் காட்டினான். "தாத்தா, அப்பம்மாவுக்கு நான் ஒரு படம் கீறினனான், கல்லுக்கு முன்னாலை வைக்கப்போறன்" என்றது. அதன்பிறகு எப்படிச் சொல்வது?

டிசெம்பர் 20

வந்துவிட்டார்கள். வீடு நிறைந்திருக்கிறது. ஜெரிசனுக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருக்கிறது. நாளை மறுநாள் மேசன் வருவானாம்.

டிசெம்பர் 22

காலையிலேயே போனோம். ஜெரிசன், மேசன், கையாள், லாண்ட்மாஸ்டரில் கல், சீமெந்து, கம்பி. மருமகளும் பிள்ளைகளும் பிறகு வருவார்கள்.

ஜெரிசன் வாசலில் நின்று பார்த்தான். "அட, என்ன வடிவாய் வைச்சிருக்கிறியள்" என்றான். பின்பக்கம் வந்ததும் அவனுடைய நடை குறைந்தது. செத்தவீட்டுக்கு அவனால் வரமுடியவில்லை. விமானம் ஓடாத காலம். இந்த இடத்தை அவன் போனில்தான் கண்டவன். அந்தப் படத்திலும் பூவும் சங்கும்தான் தெரிந்திருக்கும்.

"எங்கை அப்பா?"

சொல்ல இதுதான் கடைசிச் சமயம். தம்பி, எனக்குத் தெரியாது. ஐந்து சொல்லும் இல்லை. மேசன் பூட்ஸ் காலோடு நின்றான், கையாள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். ஜெரிசனின் கண் ஏற்கெனவே கலங்கியிருந்தது. தாயிடம் வந்து சேர்ந்துவிட்டதாக அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டு நிற்கிறது.

மதலேனாள் தன் மணலருகே இருந்தாள். என்னைப் பார்த்தாள்.

நான் கையை நீட்டினேன். அவளுடைய மணலைத் தாண்டி, மதில் பக்கமாக, வெறும் தரையில் ஓரிடம். என் வாழ்நாளில் நான் இவ்வளவு நிச்சயமாக ஒன்றையும் காட்டியதில்லை.

"இதோ?" என்று கேட்டான் ஜெரிசன்.

நான் மறுமொழி சொல்லுமுன் மதலேனாள் எழும்பினாள். "ஓம் தம்பி. உதுதான் கொம்மான்ரை இடம். என்ரை பிள்ளைக்குப் பக்கத்திலைதான் வைச்சது. எனக்கு நல்ல நினைவு."

சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் மணலைத் தடவத் தொடங்கினாள்.

ஜெரிசன் முழந்தாளிட்டான். தரையில் நெற்றியை வைத்து அழுதான். அதற்குக் கீழே யார் இருக்கிறார்களோ, யாராவது இருக்கிறார்களோ, அவர்களுக்கு மேல் என் பிள்ளை சத்தமாக அழுதான். நானும் அழுதேன். அவன் என்னைக் கட்டிப்பிடித்து, "நான் பிந்திப்போனன் அப்பா, என்னை மன்னிச்சுக் கொள்ளுங்கோ" என்றான்.

மேசன் நூல் பிடித்தான், மட்டம் வைத்தான். கம்பி கட்டிக் கொங்கிறீற் போட்டார்கள். வெயில் ஏறுமுன் அடித்தளம் முடிந்தது. எமில்ராஜ்கூட வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனான்.

ஜெரிசன் ஈரமான ஓரத்தை விரலால் ஒரு தரம் தொட்டுப் பார்த்தான். பிறகு எழும்பி வந்து என் தோளைப் பிடித்தான்.

"இனி நூறு வருசத்துக்கு இதை ஒருத்தராலும் அசைக்கேலாது அப்பா."